கொலைகாரியைக் காட்டிக்கொடுத்த வினைமுற்று

நான் எழுதிய துப்பறியும் நாவலில் பழுது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 22 அத்தியாயம், ஏறக்குறைய 38,000 சொல், பூட்டிய அறைக்குள் ஒரு கொலை. எழுதி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அக்காவிடம் கொடுத்தேன். மூன்றாம் அத்தியாயம் முடித்த கையோடு போன் வந்துவிட்டது.

"கொன்னது அந்த செக்ரட்டரி பொண்ணுதானேடா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நான் புதைத்து வைத்திருந்த பதினான்கு தடயங்களில் ஒன்றைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"முதல் பக்கத்துல 'அந்த உருவம் நகர்ந்தது, அந்த உருவம் தயங்கியது'ன்னு எழுதியிருக்கியே. ஆம்பிளையா இருந்தா நேரா 'அவன்'னு போட்டிருப்பே. பொம்பளைங்கிறதை மறைக்கத்தானே உருவம் கிருவம்னு சுத்துறே? வீட்டுல இருக்கிறதே ரெண்டு பொம்பளைங்க. நடிகை மேல முதல் பக்கத்துல இருந்தே சந்தேகத்தைக் கொட்டுறே, அதனால அவ இல்லை. மிச்சம் யாரு?"

தடயம் எதுவுமே தேவைப்படவில்லை. எட்டு மாத உழைப்பை ஒரு அஃறிணை வினைமுற்று காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் செய்த ரிப்பேர் வேலைதான் இந்தப் பதிவு. கதையின் முடிவை இங்கேயே சொல்லிவிட்டேன், பரவாயில்லை. இந்த வடிவில் அது வெளிவரப் போவதில்லை.

கதை இதுதான். ஓய்வுபெற்ற நாடக இயக்குநர் மாசிலாமணி, குன்றின் மேல் ஒரு வீடு, மழையில் பாலம் போய்விட்ட இரவு. உள்ளே அவருடைய தம்பி சபாபதி, பழைய கதாநாயகி வேதவல்லி, ஒளியமைப்பாளர் தாமோதரன், ஒரு டாக்டர், செயலாளர் தேன்மொழி. காலையில் மாடி அறை உள்ளே தாழிட்டிருக்கிறது. கதவை இடித்துத் திறந்தால் பிணம். துப்பறிபவர் விருந்தாளியாக வந்திருக்கும் ஒரு ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. அரைத்த மாவுதான். அரைத்த மாவு பிடித்துத்தானே இந்த வகைக் கதையை எழுத வருகிறோம்.

முதலில் முன்னுரைக் காட்சியைக் கையில் எடுத்தேன். தமிழில் கொலையாளியை மறைத்து எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் உறைத்தது. படர்க்கையில் வினைமுற்று போட்டாலே பால் வெளியே வந்துவிடும்: வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். "உருவம்" என்பது நம் மாத நாவல்காரர்கள் கண்டுபிடித்த உத்தி என்று நினைத்திருந்தேன். தொல்காப்பியத்தைப் புரட்டினால் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இருக்கிறது. தூரத்தில் தெரிவது ஆணா பெண்ணா என்று சந்தேகம் வந்தால் பன்மையில் சொல். மனிதனா வேறு பொருளா என்றே சந்தேகம் வந்தால் "உருபு" என்று சொல்லலாம். உரைகாரர்கள் காட்டும் உதாரணம், தெரிவது மரக்கட்டையா மனிதனா என்பது. ஆக, நம்முடைய மர்ம உருவத்துக்கு வயது மிக அதிகம். ஒரு வித்தியாசம்தான். அங்கே சந்தேகம் பார்ப்பவனுக்கு உண்மையாகவே இருக்கிறது. என் கதையில் ஆசிரியனுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி நடிக்கிறான். அக்கா பிடித்தது அந்த நடிப்பைத்தான்.

முதல் முயற்சி: பேசாமல் "அவன்" என்று போட்டுவிடுவது. ஒரு சாயங்காலம் முழுக்க அப்படியே திருத்தி வைத்துவிட்டு, படுக்கப்போகும் முன் மனசு கேட்காமல் அழித்தேன். அது பொய். அமெரிக்கத் துப்பறியும் கதாசிரியர் எஸ். எஸ். வான் டைன் 1928இல் துப்பறியும் கதைக்கு இருபது விதி எழுதினார். பாதி இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். கதையில் காதல் கூடாது என்று ஒரு விதிகூட உண்டு. இரண்டாவது விதியை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. குற்றவாளி துப்பறிபவரை ஏமாற்றலாம், அந்த ஏமாற்று வாசகர் மேலும் விழலாம். அதைத் தவிர ஆசிரியர் தன் பங்குக்கு ஒரு ஏமாற்று செய்யக்கூடாது. கதைசொல்லி "அவன்" என்றால் அது ஆசிரியர் சொல்லும் பொய், கொலைகாரி சொல்வது அல்ல.

இரண்டாவது முயற்சி: தொல்காப்பியர் சொன்னபடி பன்மை. "அவர் மெல்ல நகர்ந்தார்." இதில் வேறு தொல்லை. கதை முழுக்கத் தேன்மொழியை நான் "அவள்" என்றுதான் எழுதியிருக்கிறேன். "அவர்" என்று வருபவர்கள் மாசிலாமணியும் டாக்டரும் மட்டும். ஆக, முன்னுரை டாக்டரை நோக்கி விரல் நீட்டியது. அதைச் சமாளிக்கக் கதையில் எல்லோரையும் "அவர்" ஆக்கிப் பார்த்தேன். நான்கு அத்தியாயம் மாற்றியபின் படித்தால் இரங்கல் கூட்ட அறிக்கை மாதிரி இருந்தது. குடித்துவிட்டு உளறும் தாமோதரனை "அவர் உளறினார்" என்று எழுதினால் அந்த ஆளே காணாமல் போய்விடுகிறான். எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன்.

மூன்றாவதுதான் பிடித்தது. பால் காட்டாத இடங்கள் தமிழில் எவை என்று ஒரு தாளில் எழுதினேன். வினையெச்சம் காட்டாது (நகர்ந்து). பெயரெச்சம் காட்டாது (தள்ளியபோது). "இல்லை" போட்ட எதிர்மறை காட்டாது: "அசையவில்லை" என்றால் அவனும் ஆகலாம், அவளும் ஆகலாம். வேண்டும், முடியும், தெரியும் எதுவும் காட்டாது. எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும், அது நம் மொழி தரும் சலுகை. இவற்றை மட்டும் வைத்துக் காட்சியைத் திரும்ப எழுதினேன்.

பழையது:

"இருட்டில் அந்த உருவம் மெல்ல நகர்ந்தது. கதவருகே வந்து ஒரு கணம் தயங்கியது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அதன் கண்களில் பழிவெறி மின்னியது."

புதியது:

"மூன்றாவது படி முனகும் என்று தெரியும், அதில் கால் வைக்கவில்லை. கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. தள்ளியபோது சத்தமே இல்லை. கட்டிலில் மூச்சு சீராக ஏறி இறங்கியது. விளக்கு தேவைப்படவில்லை. எது எங்கே என்று கைக்கே தெரியும்."

340 சொல் இருந்த முன்னுரை இந்த ஆறு வரிக்குச் சுருங்கிவிட்டது. மறைக்கிறோம் என்ற தோற்றமே இல்லை. "பழிவெறி மின்னியது" ஒழிந்ததில் எனக்குத் தனிப்பட்ட நிம்மதி. இருட்டில் கண் எப்படி மின்னும்?

ஆனால் ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கும் என்பது இங்கேயும் சரியாக இருந்தது. படி முனகுவது தெரிந்த ஆள், எண்ணெய் விட்ட ஆள், அறை பழகிய கை: மூன்றும் அந்த வீட்டிலேயே இருப்பவரைக் காட்டுகின்றன. வீட்டில் இருப்பது தேன்மொழியும் சபாபதியும்தான். கடைசி வரியை வெட்டினேன். படியை எல்லோருக்கும் பொதுவாக்கினேன்: இரண்டாம் அத்தியாயத்தில் மாசிலாமணி விருந்தாளிகளை மாடிக்குக் கூட்டிப்போகும்போது, "மூணாவது படியில மெல்ல, அது என் மாமியார் மாதிரி முனகும்" என்று ஜோக் அடிக்கிறார். எண்ணெயை மட்டும் விட்டுவைத்தேன். பத்து நாளுக்கு முன் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கும் வாசகருக்கு அது என் பரிசு.

அடுத்து பூட்டிய அறை. பழைய வடிவில் தேன்மொழி வெளியே நின்று நூலால் தாழ்ப்பாளை இழுத்துவிடுவாள். சாவித்துளை வழியாக நூலை விட்டு, தாழ்ப்பாளின் குமிழில் சுற்றி இழுத்து, பிறகு ஒரு முனையை விட்டு உருவிவிடுவது. நூறு கதையில் படித்தது, யோசிக்காமல் போட்டிருந்தேன். எழுதியதைச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. என் அறைக் கதவில் பத்துத் தடவை முயன்றேன். ஆறு தடவை நூல் அறுந்தது அல்லது நழுவியது. இரண்டு தடவை தாழ்ப்பாள் பாதியில் நின்றது. மீதி இரண்டு தடவை வெற்றி, ஆனால் சாவித்துளை ஓரத்தில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. கொலை செய்துவிட்டு நடுங்கும் கையோடு இருட்டில் இதைச் செய்ய முடியும் என்று இனி என்னால் எழுத முடியாது.

பூட்டிய அறைக் கதைகளுக்குப் பேர்போன ஜான் டிக்சன் கார் 1935இல் வந்த நாவல் ஒன்றின் 17ஆம் அத்தியாயத்தில் கதையை நிறுத்திவிட்டு, துப்பறிபவர் வாயால் பூட்டிய அறை வித்தைகளை வகை பிரித்துச் சொல்வார். நாம் எல்லாம் கதைக்குள் இருப்பவர்கள்தானே, இல்லாதது மாதிரி ஏன் நடிக்க வேண்டும் என்று அந்தப் பாத்திரமே சொல்லும். அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்ததில் எனக்குப் பட்டது: கதவில் நூலும் கம்பியும் வைத்துச் செய்யும் வித்தைகளைவிட, பார்த்தவர்கள் தலைக்குள் செய்யும் வித்தை சுத்தமானது. கதவு பூட்டியிருக்கவே இல்லை. பூட்டியிருந்தது என்று எல்லோரும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

புதிய ஏற்பாடு இது. தேன்மொழி இரவிலேயே தாழ்ப்பாள் போய் நுழையும் வளையத்தை ஸ்க்ரூ கழற்றித் தரையில் போட்டுவிடுகிறாள். காலையில் முதலில் கதவருகே நிற்பவள் அவள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டுவதுபோல் ஆட்டி, உள்ளே தாழ் போட்டிருக்கிறது என்று அலறிவிட்டு விலகுகிறாள். தாமோதரன் ஓடிவந்து தோளால் இடிக்கிறான். கதவு திறக்கிறது, வளையம் தரையில் கிடக்கிறது, பிய்ந்து விழுந்தது என்று எல்லோரும் முடிவுகட்டிக்கொள்கிறார்கள்.

இதையும் செய்து பார்த்தேன். ஒரு பழைய பலகையில் வளையத்தை நான்கு ஸ்க்ரூ வைத்துப் பொருத்தி, சுத்தியலால் அடித்துப் பிய்த்தேன். ஓட்டைகள் ஒரு பக்கமாகக் கிழிந்தன, சிலாம்பு நிமிர்ந்து நின்றது, ஸ்க்ரூவின் புரிகளில் மரநார் சுற்றியிருந்தது, ஒரு ஸ்க்ரூ வளைந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு வளையத்தைப் பொருத்தி ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன். ஓட்டைகள் வட்டமாக, உள்ளே புரி பதிந்த தடத்தோடு இருந்தன. இரண்டு பலகையையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். எனக்குத் தடயம் கிடைத்துவிட்டது.

ஆனால் அதைவிட நல்ல தடயம் எதிர்பாராமல் கிடைத்தது. தாமோதரனாக நடித்துப் பார்ப்போம் என்று, தாழிடாமல் சும்மா சாத்தியிருந்த கதவின் மேல் ஓடிவந்து தோளால் மோதினேன். கதவு எந்த எதிர்ப்பும் காட்டாமல் திறந்தது. நான் உள்ளே போய்க் குப்புற விழுந்தேன். தோளில் ஒன்றுமில்லை, முழங்கால் தோல் போயிற்று. தரையில் கிடந்தபடியே சிரித்தேன். தோளால் கதவை உடைத்தவனுக்குக் காயம் முழங்காலில்! உட்கார்ந்து யோசித்திருந்தால் இது எனக்கு வந்திருக்காது.

இப்போது இதை எங்கே வைப்பது என்ற கேள்வி. பழைய பிரதியில் பதினான்கு தடயங்களையும் ஒரு அட்டவணையில் போட்டேன்: தடயம் என்ன, எந்த அத்தியாயம், பத்தியில் எந்த இடம், அதற்கு அடுத்த வரி என்ன. மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போது வெட்கமாக இருந்தது. பதினான்கில் ஒன்பது பத்தியின் கடைசி வரியில் உட்கார்ந்திருந்தன. அதில் நான்கு அத்தியாயத்தின் கடைசி வரி. கடைசி வரி என்பது மேடை, விளக்கு எல்லாம் அங்கே விழும். ஒளிக்க வேண்டியதைக் கொண்டுபோய் விளக்குக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

முழங்காலை முதலில் நான் எழுதிய விதம்: "டாக்டர் தாமோதரனின் முழங்காலில் மருந்து தடவினார். தோளில் ஒரு கீறல்கூட இல்லை." இரண்டாவது வாக்கியம் கத்துகிறது. இப்போது அந்தக் காட்சி ஒரு சண்டை. டாக்டர் பெட்டியைத் திறந்து பஞ்சு, கட்டுத்துணி, முழங்காலுக்கு மருந்து, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் பரப்புகிறார். தூக்க மாத்திரைப் புட்டியில் இரண்டு குறைகிறது என்று வேதவல்லி கத்துகிறாள். அடுத்த ஒன்றரைப் பக்கம் அந்த இரண்டு மாத்திரை பற்றித்தான். தோள் என்ற சொல்லே அங்கே இல்லை. அது நான்கு அத்தியாயம் தள்ளி வருகிறது: தாமோதரன் பெரிய விளக்கு ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறுகிறான், முகம் சுளிக்காமல். முழங்காலையும் தோளையும் சேர்த்து வைப்பது வாசகர் வேலை.

தேன்மொழியின் வாயிலிருந்து ஒரு தடயம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு மொழிக்காரருக்குக் கிடைக்காத ஒன்று. முதலில் நாம் / நாங்கள் வித்தியாசத்தை எடுத்தேன். அந்த இடத்தில் இல்லாதவரிடம் "நாங்க மேல போனப்போ" என்று சொல்ல வேண்டியவள் "நாம மேல போனப்போ" என்றுவிடுகிறாள். எழுதி இரண்டு நண்பர்களுக்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினேன். இரண்டு பேருமே "இங்கே எழுத்துப்பிழை" என்று குறித்து அனுப்பினார்கள். தவறான "நாம்" காதில் அப்படி இடறுகிறது. தூக்கிப்போட்டேன்.

பிறகு "-ஆம்" கிடைத்தது. தான் பார்க்காததை, கேள்விப்பட்டதைச் சொல்லும்போது போடுவோமே: வந்தாராம், சொன்னாராம். இரவு பத்து மணிக்கே தூங்கிவிட்டதாகச் சொல்லும் தேன்மொழி, அண்ணன் தம்பி சண்டையைப் பிறர் சொல்லக் கேட்டதாகச் சொல்கிறாள். "சபாபதி சார் கத்துனாராம். ஐயா பதிலே பேசலையாம். கோபத்துல அவர் கீழ போயிட்டாராம். ஐயா கதவைச் சாத்திட்டு விளக்கை அணைச்சிட்டார்." மூன்று "ஆம்", நான்காவதில் இல்லை. நான்காவதை அவள் கண்ணால் பார்த்தாள். இதை யாருமே பிடிக்கவில்லை, ஏனென்றால் பேச்சில் எல்லோரும் அதை விட்டுவிடுவது உண்டு. அதே காரணத்தால் இது ஆதாரமாகவும் ஆகாது. துப்பறிபவருக்குச் சந்தேகம் அரும்பும் இடமாக மட்டும் வைத்தேன். நிரூபிக்கும் சுமை ஸ்க்ரூ ஓட்டைக்கும் முழங்காலுக்கும்.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிக்கு விகுதி விட்டுப்போனது காதில் விழுமா? விழாது. ஆளையே மாற்ற வேண்டியதாயிற்று. முப்பது வருஷம் மெய்ப்பு (ப்ரூஃப்) பார்த்த இந்திராணி என்ற பெண்மணி வந்தார். மூன்று அத்தியாயம் முழுதாகத் திரும்ப எழுதினேன், மற்ற இடங்களில் ஒட்டுப்போட்டேன். எதிர்பாராத லாபம், வீட்டில் பெண்கள் மூன்று ஆனார்கள். அக்காவின் கழித்தல் கணக்கு இனிமேல் அவ்வளவு லேசில் முடியாது.

நடுவில் செய்த ஒரு மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். கவனத்தைத் திருப்ப சபாபதிக்கு ஒரு கடன், ஒரு ரகசியக் கடிதம், தோட்டத்தில் புதைத்த பெட்டி என்று 4,000 சொல் சேர்த்தேன். பெட்டி சும்மா பெட்டி, கதையில் எதற்கும் உதவாது. வாசகரை வேறு பக்கம் அனுப்பும் பொய்த்தடமும் தன் அளவில் உண்மையாக இருக்க வேண்டும், தனக்கென்று ஒரு பதில் இருக்க வேண்டும். வேதவல்லி கத்திய இரண்டு மாத்திரைக்குப் பதில் உண்டு: டாக்டரே போட்டுக்கொண்டார், அவருக்குத் தூக்கம் வராது, அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். பெட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை. 4,000 சொல்லையும் வெட்டினேன். கோபத்தில் ஒரு நாள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதல் பக்கத்திலேயே கொலைகாரி யார் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இலேயே அப்படிக் கதைகள் வெளியிட்டுவிட்டார்: யார் செய்தது என்பது வாசகருக்குத் தெரியும், எப்படி மாட்டுகிறார் என்பதுதான் கதை. ஆனால் அந்த வடிவத்தில் முழு எடையும் துப்பறிபவர் மேல் விழும். இந்திராணி இன்னும் அவ்வளவு எடை தாங்குவாரா என்பது எனக்குச் சந்தேகம்.

சோதனை. வாசகர் என்பவர் ஒருமுறை கிழித்த தீக்குச்சி, அக்காவிடம் திரும்பக் கொடுத்துப் பயனில்லை. கதையைப் பற்றி எதுவும் தெரியாத மூன்று பேரிடம் கொடுத்தேன். ஐந்து அத்தியாயத்துக்கு ஒருமுறை நிறுத்தி, யார் மேல் சந்தேகம், ஏன் என்று ஒரே வரியில் எழுதி வைக்கச் சொன்னேன். "நல்லா இருக்கு" என்பதை எழுதக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். ஒருவர் 17ஆம் அத்தியாயத்தில் தேன்மொழியைப் பிடித்தார், எண்ணெயை வைத்து. ஒருவர் கடைசி வரை டாக்டர் என்றே இருந்தார். மூன்றாமவர் சபாபதி, வேதவல்லி என்று மாறி மாறி எழுதிவிட்டு, 21ஆம் அத்தியாயத்து ஓரத்தில் "அட, முழங்கால்!" என்று எழுதி, பின்னால் போய் அந்த மருந்துச் சண்டைப் பக்கத்தில் மூன்று கோடு போட்டிருந்தார். அந்த மூன்று கோட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னும் சரியாகாத இடம் 20ஆம் அத்தியாயம். தேன்மொழி ஆறு பக்கம் வாக்குமூலம் தருகிறாள். பிடிபட்ட யாரும் ஆறு பக்கம் பேச மாட்டார்கள். இரண்டு பக்கமாகக் குறைத்தால் காரணம் நிற்கவில்லை, ஆறாக விட்டால் ஆள் நிற்கவில்லை. காரணத்தை முன்னாடியே துண்டு துண்டாகக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிகிறது. எந்தெந்த அத்தியாயத்துக்கு என்பதுதான் தெரியவில்லை.

புதிய பிரதியை, கதைக்காக வேண்டாம், எழுத்துப்பிழைக்காக மட்டும் பார் என்று அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று இரவு கூப்பிட்டாள்.

"முன்னாடி மாதிரி இல்லடா, இப்ப பரவால்ல. ஆனா ஒண்ணு. கொலை நடக்கிற ராத்திரி அமாவாசைங்கிறே. நாலு நாள் கழிச்சு டாக்டர் தோட்டத்துல பௌர்ணமி வெளிச்சத்துல கால்தடம் பார்க்கிறாரு. எப்படிடா?"

யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று நிமிஷக் கணக்கில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். அதில் நிலாவுக்கு ஒரு கட்டம் இல்லை. டாக்டர் கையில் ஒரு டார்ச் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த டார்ச் அதற்குள் தொலைந்துபோய்விட்டதாக 9ஆம் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன்.